வெளிவராத காசுகளின் சான்று: மாதிரி நாணயங்களும் சோதனை அச்சுகளும்

1. முன்னுரை

தமிழியல் ஆய்வில் நாணயவியலுக்கு உரிய இடம் உண்டு. இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்ட பெருவழுதி நாணயம் சங்கப் பாண்டியர் வரலாற்றுக்குத் துணை நின்றதையும், தமிழக ஆற்றங்கரைகளில் கிடைத்த ரோமானியக் காசுகள் கடல் வணிகத்தை மெய்ப்பித்ததையும் நாம் அறிவோம். இவை யாவும் மக்கள் கைகளில் புழங்கித் தேய்ந்த காசுகளாகும். புழக்கத்துக்கே வராத ஒரு வகை நாணயமும் உண்டு. அரசோ நாணயச்சாலையோ ஒரு காசை வெளியிடுவதற்கு முன், அதன் வடிவம், எழுத்து, உலோகம், எடை ஆகியவற்றை முடிவு செய்வதற்காக அச்சிட்டுப் பார்த்தவை அவை. உலகெங்கும் சேகரிப்பாளர் பெருவிலை கொடுத்துத் தேடும் இவ்வகை நாணயங்கள் தமிழ்க் கட்டுரைகளில் மிக அருகியே பேசப்பட்டுள்ளன.

இக்கட்டுரை, மாதிரி நாணயங்கள் யாவை, அவை எதற்குச் சான்றாகின்றன, அவற்றைச் சேகரிப்போர் எவற்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பவற்றை விளக்க முற்படுகின்றது. சென்னை மாகாணத்துக் காசுகளும் மலாயாக் காசுகளும் இங்கு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பேராக் மாநிலத்தின் தாப்பா வட்டாரத்தை நாம் கருத்தில் கொண்டுள்ளோம். ஈயலம்பங்களும் பால்மரத் தோட்டங்களும் சூழ வளர்ந்த அவ்வூரின் பழைய குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஒரு தகரப் பெட்டியில் பழங்காசுகள் சில கிடக்கக் காணலாம். அவற்றைப் படிக்கும் முறையைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நலம் என்பது நம் கருத்து.

2. கலைச்சொற்களும் வரையறையும்

'மாதிரி நாணயம்' என்பது, வெளியிடக் கருதிய ஒரு புதிய வடிவத்தை அதிகாரிகளின் ஒப்புதலுக்காக முழுமையாக அச்சிட்டுக் காட்டியது. ஒப்புதல் கிடைத்தால் அவ்வடிவம் காசாகும்; கிடைக்காவிடின் மாதிரி மட்டுமே எஞ்சும். 'சோதனை அச்சு' என்பது, வெட்டப்பட்ட அச்சு சரியாகப் பதிகின்றதா என்று பணிமனையில் அடித்துப் பார்த்தது. இது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பதிந்திருக்கும். ஈயம், வெள்ளீயம் போன்ற மென்மையான உலோகங்களில் அமைந்திருக்கும். வடிவத்தை மாற்றாது உலோகத்தை மட்டும் மாற்றி அடித்தது 'மாற்றுலோக அச்சு' எனப்படும். மெருகேற்றிய அச்சும் தகடும் கொண்டு தனிக் கவனத்தோடு அடிக்கப்பட்ட காட்சிப் படியைச் 'சிறப்பு அச்சு' எனலாம். இது வெளியான நாணயத்துக்கும் உண்டு. எனவே சிறப்பு அச்சுகள் எல்லாம் மாதிரி நாணயங்கள் ஆகா.

இந்நால்வகையும் சேகரிப்பாளரிடையே அடிக்கடி ஒன்றோடொன்று மயங்குவதுண்டு. வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. மாதிரி நாணயம் 'இது வேண்டுமா?' என்று அரசைக் கேட்கின்றது. சோதனை அச்சு 'இது பதிகின்றதா?' என்று அச்சுத் தொழிலாளனைக் கேட்கின்றது. மாற்றுலோக அச்சு 'இது கட்டுப்படியாகுமா?' என்று கருவூலத்தைக் கேட்கின்றது எனலாம்.

வெள்ளீயம் இங்கு நமக்குச் சிறப்பான பொருளுடையது. கிந்தாப் பள்ளத்தாக்கும் அதன் தெற்கேயுள்ள பத்தாங் பாடாங் மாவட்டமும் ஈயத்துக்குப் பெயர்பெற்றவை. பத்தாங் பாடாங்கின் தலைநகரே தாப்பா. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து அன்றைய தெலுக் அன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு, இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது ஈயம் துறைமுகத்தை எளிதில் அடைய வழி பிறந்தது. மலாய்த் தீபகற்பத்தில் வெள்ளீயம் தானே பணமாகவும் வழங்கியது. பகாங்கின் தொப்பி வடிவ ஈயப் பணமும், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் பித்திஸ் காசுகளும் அதற்குச் சான்று. வார்த்தெடுத்த பின் காசுகள் முறிக்கப்படாமல் கிளைகளில் தொங்கும் 'பித்திஸ் மரங்கள்' சில எஞ்சியுள்ளன. காசாகும் முன் நிலையில் நின்றுவிட்ட பொருள் என்ற வகையில் அவையும் சோதனை அச்சுகளுக்கு அணுக்கமானவையே.

3. சோதனை ஏன் வேண்டும்?

மாதிரி நாணயங்கள் தோன்றும் காரணங்களை மூன்று சான்றுகளால் விளக்கலாம்.

முதலாவது, கலைஞனின் தகுதியை நிறுவுதல். 1663இல் இங்கிலாந்தின் அச்சுச் செதுக்குநர் தாமஸ் சைமன், தமக்கு மாற்றாக அமர்த்தப்பட்டவரைவிடத் தாம் சிறந்தவர் என்பதைக் காட்ட, இரண்டாம் சார்லஸ் மன்னனிடம் ஒரு வெள்ளி நாணயத்தையே விண்ணப்பமாக அளித்தார். அதன் விளிம்பில் அவருடைய வேண்டுகோள் மிக நுண்ணிய எழுத்துகளால் பொறிக்கப்பட்டிருந்தது. விண்ணப்பம் பயன் தரவில்லை. நாணயம் மட்டும் ஆங்கில நாணயக் கலையின் உச்சமாக இன்றும் போற்றப்படுகின்றது.

இரண்டாவது, புழக்கத்துக்கு ஏற்றதா என அறிதல். எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பரில் முடி துறந்தமையால், அவர் உருவம் தாங்கிய பிரிட்டிஷ் காசு எதுவும் வெளியிடப்படவில்லை. ஆயினும் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட பித்தளை மூன்று பென்னிக் காசு ஒன்று 1937 ஆண்டிட்டு முன்னரே அச்சிடப்பட்டு, காசிட்டு இயக்கும் பொறிகளில் பொருந்துகின்றதா எனப் பார்க்கப் பொறி உற்பத்தியாளரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. அவற்றுட் சில திரும்பி வரவில்லை. அவையே இன்று சேகரிப்பாளரின் பெருங்கனவாக விளங்குகின்றன.

மூன்றாவது, உலோகத்தின் விலை. 1973இல் செம்பு விலை ஏறியபோது அமெரிக்க நாணயச்சாலை 1974 ஆண்டிட்ட ஒரு சென்ட்டை அலுமினியத்தில் பத்து இலட்சத்துக்கும் மேலாக அச்சிட்டது. சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பார்வைக்காகச் சில வழங்கப்பட்டன. பின்னர் திட்டம் கைவிடப்பட்டது, காசுகள் உருக்கப்பட்டன. வழங்கப்பட்டவை திரும்பக் கேட்கப்பட்டும் எல்லாம் திரும்பவில்லை.

இம்மூன்றிலும் ஒரு பொதுமை உண்டு. வெளியான காசு முடிவை மட்டுமே காட்டுகின்றது. அம்முடிவுக்கு முன் எவையெவை கருதப்பட்டன, எவை விலக்கப்பட்டன என்பதை மாதிரி நாணயமே காட்டுகின்றது. ஆவணக் காப்பகத்தில் திருத்தங்களோடு கிடைக்கும் கைப்பிரதி ஒரு நூலின் பதிப்பாசிரியனுக்கு எத்தகையதோ, அத்தகையது மாதிரி நாணயம் வரலாற்றாசிரியனுக்கு.

4. சென்னை மாகாணம்: காசு என்னும் சொல்லும் தமிழ் எழுத்தும்

பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டன் நிறுவிய சோஹோ நாணயச்சாலை நீராவிப் பொறியால் காசடித்த முன்னோடி நிறுவனமாகும். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கான செப்புக் காசுகளை அங்குச் செய்வித்தது. 1803, 1808 ஆண்டிட்ட பத்துக் காசு, இருபது காசு நாணயங்கள் இவ்வாறு வந்தவை. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல் 1808 ஆண்டிட்ட இக்காசுகளோடு இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அவை பெருமளவில் மீட்கப்பட்டன.

இந்நாணயங்களில் 'காசு' என்னும் நம் சொல் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மறுபக்க விளக்கம் பாரசீகத்தில் அமைந்துள்ளது. தமிழ்ச் சொல் உண்டு. தமிழ் எழுத்து இல்லை. ஆனால் அதே காலப்பகுதியில், 1807 முதல் சென்னையிலேயே பொறிகொண்டு அச்சிடப்பட்ட வெள்ளி அரை வராகன், கால் வராகன் நாணயங்களில் நிலைமை வேறு. அவற்றின் ஒரு பக்கத்தில் கோயில் கோபுரமும் அதைச் சுற்றி ஆங்கிலமும் பாரசீகமும், மறுபக்கத்தில் திருமால் உருவமும் அதைச் சுற்றித் தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. மக்களுக்கு அருகில் வெட்டப்பட்ட அச்சு மக்களின் எழுத்தைத் தாங்கியது; தொலைவில் வெட்டப்பட்டது தாங்கவில்லை. சென்னையில் இன்றும் 'தங்கசாலை' என வழங்கும் தெருப்பெயர் நாணயச்சாலையின் நினைவைத் தாங்கி நிற்கின்றது.

1835ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் 180 கிரெய்ன் எடையுள்ள ஒரே ரூபாயை நிறுவியது. நான்காம் வில்லியம் மன்னனின் தலையுருவம் தாங்கிய அந்த ரூபாயின் மதிப்பு ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் மட்டுமே எழுதப்பட்டது. அதன் கழுத்தடியில் காணப்படும் 'ஆர்.எஸ்.', 'எஃப்' என்னும் எழுத்துகள் கல்கத்தா நாணயச்சாலையின் ராபர்ட் சாண்டர்ஸ், போர்ப்ஸ் ஆகியோரைக் குறிப்பன. சேகரிப்பாளர் இவ்வெழுத்துகளின் இருப்பையும் இன்மையையும் கொண்டு வகை பிரிக்கின்றனர். மாகாண வேறுபாடுகளை நீக்கிய இச்சீர்மை வணிகத்துக்கு நன்மை பயத்தது என்பதில் ஐயமில்லை. அதே சீர்மை பிரிட்டிஷ் இந்திய நாணயத்திலிருந்து தமிழெழுத்தை நீக்கியது என்பதும் உண்மை.

1907இல் வெளியான நிக்கல் கலப்பு ஒரு அணாக் காசில் மக்கள் மொழிகள் திரும்பி வந்தன. அலைவிளிம்பு கொண்ட அக்காசில் ஆங்கிலத்தோடு உருது, வங்காளம், நாகரி, தெலுங்கு ஆகிய நான்கு எழுத்துகளில் மதிப்பு பொறிக்கப்பட்டது. தென்மொழிகளின் சார்பில் தெலுங்கு நின்றது, தமிழ் இல்லை. ஒரு நாணயத்தின் பரப்பு சிறியது. எல்லா எழுத்தும் அதில் அடங்கா. அதனாலேயே எது இடம்பெற வேண்டும் என்பது வரைவு நிலையில் ஒருவர் எடுக்க வேண்டிய முடிவாகின்றது. எழுத்தின்மை தற்செயலன்று என்னும் இவ்வுண்மையை உணர்த்துவதே மாதிரி நாணயங்கள் நமக்குச் செய்யும் முதன்மையான உதவி.

5. மலாயா: 'வெள்ளி'யும் 'காசு'ம்

நீரிணைக் குடியேற்றங்களுக்கான 1845 ஆண்டிட்ட செப்புச் சென்ட்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரைத் தாங்கின. பின்னர் வந்த சிறு காசுகள் இலண்டன் அரச நாணயச்சாலையிலும் பர்மிங்ஹாம் ஹீட்டன் நிறுவனத்திலும் அச்சிடப்பட்டன. பெரிய டாலரைப் பொறுத்தவரை மெக்சிகோ வெள்ளியும் பிரிட்டிஷ் வணிக டாலருமே நெடுங்காலம் வழங்கின. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி டாலர் பம்பாயில் அச்சிடப்பட்டது. எடை 26.95 கிராம், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி. அதன் பின்பக்கத்தில் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் மதிப்பைக் குறித்தன. அதன் 'பி' என்னும் நாணயச்சாலைக் குறி சிலவற்றில் மேலெழுந்தும் சிலவற்றில் உட்பதிந்தும் காணப்படுகின்றது; மேலெழுந்தது அரியது.

1906இல் டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்னி என நிறுவப்பட்டது. வெள்ளி விலை ஏறியதால், காசின் உலோகம் காசின் மதிப்பை விஞ்சும் நிலை தோன்றியது. ஆகவே 1907இல் டாலர் 20.21 கிராமாகச் சுருங்கியது. 1919இல் எடை 16.85 கிராமாகவும் வெள்ளிப் பங்கு பாதியாகவும் குறைந்தன. மலாயா நாணய ஆணையர் பெயரில் 1939 முதல் வந்த சில்லறைக் காசுகளில் முக்கால் பங்காக இருந்த வெள்ளி, போர்க்காலத்தில் பாதியாகி, 1948 முதல் அறவே நீங்கியது. செம்பு நிக்கல் கலப்பு அதன் இடத்தைப் பிடித்தது.

உலோகம் நீங்கிய பின்னும் சொல் நீங்கவில்லை. மலேசியத் தமிழர் ரிங்கிட்டை இன்றும் 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர். சென் 'காசு' ஆகின்றது. தமிழ்நாட்டில் வார நாளையும் உலோகத்தையும் குறிக்கும் ஒரு சொல், இங்கு நாட்டு நாணயத்தின் பெயராயிற்று. 'பேராக்' என்னும் மாநிலப் பெயரும் மலாயில் வெள்ளியையே குறிக்கும் என்பது ஒப்பு நோக்கத்தக்கது. நாணயச்சாலை வரைவாளர் தமிழெழுத்துக்கு இடம் தரவில்லை; தோட்டத் தொழிலாளரோ அந்நாணயத்துக்கே தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டனர்.

அத்தொழிலாளருக்குக் காசின் எடையும் மாற்று விகிதமும் வாழ்வுச் சிக்கல்களாகும். 1906இன் விகிதத்தில், ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்னியாக இருந்தமையால், ஊருக்கு அனுப்பிய ஒரு வெள்ளி 1 ரூபாய் 12 அணாவாயிற்று. 1927இல் ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்னியாக உயர்த்தப்பட்ட பின் அதே ஒரு வெள்ளி ஏறத்தாழ 1 ரூபாய் 9 அணாவாகக் குறைந்தது. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றிருந்த கூலி 1930களின் தொடக்க மந்தத்தில் வெட்டப்பட்டபோது, இவ்விரு குறைவும் ஒருங்கே தாக்கின. இவற்றை நினைந்தே, அக்காலத்துச் சதுர ஒரு சென்ட் காசை நாம் கையிலெடுத்தல் வேண்டும். 1919 முதல் வழங்கிய அச்சதுர வடிவம் தொட்ட மாத்திரத்தில் வேறுபாடு காட்டியது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் விரல்களால் படிக்கக்கூடிய காசு அது.

ஒப்பீட்டுக்கு இலங்கையைக் காணலாம். 1870 ஆண்டிட்ட இலங்கைச் செப்புக் காசுகளில் பனைமரத்தின் இருமருங்கிலும் சிங்களமும் தமிழும் மதிப்பைக் குறித்தன. அதே பேரரசின் கீழ், அதே தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த இரு நாடுகளில் இருவேறு முடிவுகள் எடுக்கப்பட்டன. சிங்கப்பூரின் 1967ஆம் ஆண்டு முதல் வரிசைக் காசுகளில் ஆங்கிலம் மட்டுமே இருந்தது. 1985இல் தொடங்கிய இரண்டாம் வரிசையில் நாட்டுப் பெயர் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளில் இடம்பெற்றது. வரைவை மாற்ற முடியும் என்பதற்கு இது போதிய சான்று.

சரவாக்கின் 1841 ஆண்டிட்ட கெப்பிங் செப்புக்காசு வேறொரு வகையில் நோக்கத்தக்கது. ஜேம்ஸ் புரூக்கின் பெயரெழுத்துகளும், அவர் குடும்பப் பெயரோடு ஒலியொத்த வளைக்கரடியின் உருவமும், அவர் ஆட்சியேற்ற செப்டம்பர் 24 என்னும் நாளும் அதில் உள்ளன. மிக அரிதாகவே கிடைக்கும் இத்தகைய காசு புழக்கத்துக்கானதா, மாதிரியா என்னும் வினா சேகரிப்பாளர்க்கு எழுவது இயல்பு. மாதிரிக்கும் காசுக்கும் இடைப்பட்ட எல்லை எப்போதும் தெளிவாக இராது என்பதை இது காட்டும்.

6. சேகரிப்பும் நம்பகமும்

மாதிரி நாணயச் சேகரிப்பின் பெருஞ்சிக்கல் மறு அச்சு. அச்சு அழியாது இருக்கும்வரை, காலங்கடந்தும் அதே நாணயத்தை மீண்டும் அடிக்க இயலும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோஹோ நாணயச்சாலையின் உடைமைகள் விற்கப்பட்டபோது, அச்சுகள் பலவற்றை வாங்கிய டபிள்யூ.ஜே. டெய்லர் அவற்றைக்கொண்டு மாதிரிகளைப் புதிதாக அடித்தார். அவை 'டெய்லர் மறு அச்சு' எனத் தனியே வகுக்கப்படுகின்றன. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகளும் பழைய அச்சுகளால் சேகரிப்பாளருக்கு மறு அச்சுகளைச் செய்துதந்தன. அமெரிக்காவில் 1850களின் இறுதியில் நாணயச்சாலை இயக்குநர் ஜேம்ஸ் ராஸ் ஸ்நோடன் மாதிரிகளை மறு அச்சிட்டு, வாஷிங்டன் பதக்கங்களுக்கு மாற்றாகக் கொடுத்தார். இவையெல்லாம் போலிகள் அல்ல. ஆனால் முதல் அச்சும் அல்ல. அச்சில் தோன்றிய துருவின் தடமும் விரிசலும் எந்நிலையில் உள்ளன என்பதைக் கொண்டே முன்பின் முடிவு செய்யப்படுகின்றது. ஏடுகளின் பிழைகளைக் கொண்டு படியெடுத்த வரிசையை அறியும் சுவடியியலார்க்கு இம்முறை புதியதன்று.

போலிகள் வேறு. 1903ஆம் ஆண்டு டாலரும் வணிக டாலரும் அண்மைக் காலத்தில் பெருவாரியாகப் போலியாக்கப்பட்டுச் சந்தைகளில் விற்கப்படுகின்றன. 'சோதனை அச்சு' என்னும் பெயர் போலிகளுக்கு ஒரு மறைப்பாகவும் அமைகின்றது. எடையோ உலோகமோ பொருந்தாதபோது, 'இது மாற்றுலோக மாதிரி' என விற்போர் கூறிவிடலாம். இங்கு மூன்று எளிய ஆய்வுகள் உதவும். முதலில் துல்லியமான தராசில் எடை காணல். அடுத்து, நீரில் அமிழ்த்தி அடர்த்தி காணல்: தொள்ளாயிரம் பங்கு வெள்ளிக்கு அடர்த்தி ஏறத்தாழ 10.3, செம்புக்கு 8.9, வெள்ளீயத்துக்கு 7.3 ஆகும். இறுதியாக, உருப்பெருக்கியில் விளிம்பைக் காணல். வார்த்த போலியில் சேர்ப்புத் தடமும் குமிழ்களும் தென்படும். இம்மூன்றையும் கடந்த பின்னரே நூற்சான்றை நாடுதல் வேண்டும். மலாயா நாணயங்களுக்கு பிரிட்மோரின் 1955ஆம் ஆண்டு நூலும் சரண் சிங்கின் 1986ஆம் ஆண்டுக் கலைக்களஞ்சியமும் அடிப்படை நூல்களாகும்.

ஒரு மாதிரி நாணயத்தின் மதிப்பில் பெரும்பகுதி அதன் உடைமை வரலாற்றில் உள்ளது. யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்னும் தொடர் அறுந்தால், மெய்யான மாதிரியும் ஐயத்துக்குரியதாகிவிடும். 'நாணயம்' என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது இத்துறைக்கு மிகப் பொருந்துவதாகும்.

7. தாப்பா வட்டாரமும் தமிழாசிரியர் பணியும்

தாப்பாவில் ஒரு மாதிரி நாணயம் கிடைக்கும் என நாம் எதிர்பார்ப்பதற்கில்லை. அத்தகையவை நாணயச்சாலைகளிலும் அருங்காட்சியகங்களிலும் பெருஞ்செல்வர் பேழைகளிலும் உறைகின்றன. ஆனால் மாதிரி நாணயங்கள் கற்பிக்கும் வினாக்களை எந்தக் காசிடமும் கேட்கலாம். இவ்வெழுத்து ஏன் இங்குள்ளது? இவ்வெடை ஏன் குறைந்தது? யார் முடிவு செய்தார்? இவ்வினாக்களோடு நோக்கினால், பாட்டியின் தகரப் பெட்டியிலுள்ள 1920ஆம் ஆண்டுச் சதுரக் காசும் ஓர் ஆவணமாகின்றது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும், குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது இப்பெட்டிகள் சிதறின. எஞ்சியவை எடைக்கு எடை வெள்ளியாக விற்கப்பட்டு உருகுகின்றன. அழிவது உலோகமன்று, எந்தத் தோட்டத்தில், யார், எதற்காகச் சேர்த்த காசு என்னும் செய்தி அழிகின்றது. காசை எந்த ஏலத்திலும் வாங்கலாம். அச்செய்தியை வாங்க இயலாது. ஆகவே மாணவர் வீட்டிலுள்ள காசின் ஆண்டு, எடை, எழுத்துகள், அதைச் சேர்த்தவர், தோட்டம் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் எளிய பதிவேட்டைப் பள்ளிகள் தொடங்கலாம். காசுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குதல் கூடாது. அது சான்றையும் மதிப்பையும் ஒருங்கே கெடுக்கும். நிலத்தில் புதைந்து கிடைப்பவை 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் வருவன. அவற்றை உரிய அதிகாரியிடம் தெரிவித்தல் கடமை. 1883இல் நிறுவப்பட்ட தைப்பிங் பேராக் அருங்காட்சியகமும், கம்பாரிலுள்ள ஈயச் சுரங்க அருங்காட்சியகமும், கோலாலம்பூரிலுள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகமும் இவ்வட்டார மாணவர்க்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

8. முடிவுரை

மாதிரி நாணயங்களும் சோதனை அச்சுகளும் நாணய வரலாற்றின் கைவிடப்பட்ட வரைவுகளாகும். வெளியான காசு மாற்ற முடியாத ஒன்றெனத் தோன்றும். மாதிரியோ அது பலவற்றுள் ஒன்றெனக் காட்டும். சென்னை வராகனில் இருந்த தமிழ் 1835இல் நீங்கியதும், இலங்கைக் காசில் இடம்பெற்றதும், மலாயாக் காசில் இடம்பெறாமையும், சிங்கப்பூரில் 1985இல் சேர்ந்ததும் இவ்வாறு எடுக்கப்பட்ட முடிவுகளே. எழுத்துக்கு இடம் கிடைக்காத நாட்டில் 'வெள்ளி' என்றும் 'காசு' என்றும் பெயரிட்டு வழங்கிய மக்களின் மொழிவழக்கையும் நாணயவியல் சான்றாகக் கொள்ளுதல் தகும். அவ்வழக்கையும் அக்காசுகளையும் ஒருங்கே பதிந்து வைப்பது, தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களும் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.